மலிவு விலை மின்சார ஸ்கூட்டர்: சுமைகூலி யார் தலையில்?

மும்பை தாராவி 90 அடி ரோட்டில் விடியற்காலையில் நிற்பவர்களுக்கு ஒரு மாறுதல் கண்ணில் படும். இட்லிப் பாத்திரத்தைத் தலையிலும் சைக்கிளிலும் சுமந்து வந்த வியாபாரிகளில் சிலர் இப்போது சத்தமில்லாத சிறு ஸ்கூட்டரில் போகிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு செல்லும் பையன்கள் போகிறார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்து அலுத்துப்போன குமாஸ்தாக்களும் போகிறார்கள். அந்த வண்டிகளில் பெட்ரோல் டாங்கி கிடையாது. நம்பர் பிளேட்டும் கிடையாது.

ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய்க்கு, சில கடைகளில் அதற்கும் குறைவாக, இந்த வண்டி கிடைக்கிறது. "லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம்" என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கிற ஒரு குடும்பத்துக்கு இதைவிட இனிப்பான வாசகம் வேறு இருக்க முடியாது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஊரில் சொல்வார்கள். இந்த வண்டியின் சுண்டைக்காய் விலை எல்லோருக்கும் தெரிகிறது. சுமைகூலி எவ்வளவு, அது யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சீனாவிலிருந்து வரும் பாகங்கள்

கடையில் இருக்கும் பெயர் இந்தியப் பெயராக இருக்கலாம். ஆனால் மலிவு விலை வண்டிகளில் மோட்டார், கண்ட்ரோலர், சார்ஜர், மீட்டர், பல வண்டிகளில் உடல்பாகமும் கூட, சீனாவிலிருந்து வருபவை. இங்கே நடப்பது பெரும்பாலும் பொருத்தும் வேலைதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீனாவில் ஓடும் மின்சார இரு சக்கர வண்டிகள் சுமார் 35 கோடி. தியான்ஜின், ஊஷி, தைஜோ ஆகிய நகரங்களைச் சுற்றி இந்தத் தொழில் பெருகிக் கிடக்கிறது. கோடிக்கணக்கில் செய்யும்போது ஒரு மோட்டாரின் விலை இறங்கத்தான் செய்யும். அந்த மலிவு நியாயமான மலிவு. அதை ஒரு தொழிலாளி அனுபவிப்பதில் தவறில்லை.

ஆனால் சீனாவிலேயே இந்த வண்டியை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 15 முதல் அங்கே அமலுக்கு வந்த தேசியத் தரத்தின்படி இத்தகைய வண்டியின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பேட்டரியோடு சேர்த்து எடை 55 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்தத் தரத்தில் இருந்தது. வண்டியைப் பதிவு செய்து நம்பர் பிளேட் மாட்ட வேண்டும். வேகக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டும் பழக்கம் அங்கும் பரவியதால், தரத்தைத் திருத்தி 2025 செப்டம்பர் 1 முதல் இன்னும் கடுமையாக்கினார்கள். வேகத்தை மாற்ற முடியாதபடி வண்டியைச் செய்ய வேண்டும், பிளாஸ்டிக் பாகம் மொத்த எடையில் 5.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் முதல் பழைய தரத்து வண்டிகளை விற்கவும் தடை வந்தது.

பிறந்த நாட்டில் நம்பர் பிளேட்டோடு ஓடும் வண்டி, வந்த நாட்டில் பிளேட் இல்லாமல் ஓடுகிறது. அங்கே விற்க முடியாமல் போன பழைய சரக்கு எந்தத் துறைமுகத்தைத் தேடிப் போகும் என்ற கேள்வி எழுவதும் இயற்கைதான்.

சட்டம் சொல்வது என்ன?

"லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒழுங்கான பிரேக்கும், இரவில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளும் இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. சைக்கிளைப் போல் ஓட்டிச் செல்லலாம்.

இவற்றில் ஒன்று தவறினாலும் விலக்கு போய்விடும். வண்டி முழு மோட்டார் வாகனமாகிவிடும். அப்போது பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம்.

வண்டி இந்த அளவுக்குள் இருக்கிறது என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஹரியானா மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிலையங்களில் அந்த மாடலைப் பரிசோதித்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் காகிதம் இதுதான்.

ஒரு சிறு ஒயரின் கதை

இங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. மலிவு வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்கு உண்மையில் சக்தி கூடுதல். வேகத்தைக் கட்டிவைத்திருப்பது கண்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு சிறு ஒயர்தான். விற்கும்போதே சில கடைகளில் அதை எடுத்துவிடுகிறார்கள். வண்டி 40, 45 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வாங்கியவருக்கு மகிழ்ச்சி. கடைக்காரருக்கும் வியாபாரம்.

கேரளத்தில் 2023 மே மாதத்தில் மோட்டார் வாகனத் துறையினர் ஷோரூம்களில் சோதனை நடத்தியபோது இந்தத் தந்திரம் வெளிச்சத்துக்கு வந்தது. மற்ற மாநிலங்களில் இது நடக்கவில்லை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

ஒயரை எடுத்த வண்டியோடு பிடிபட்டால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000. பதிவில்லாத வண்டிக்கு முதல் முறை ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை. இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு ரூ.2,000. வண்டி பாதி விலைக்கு வாங்கியதால் மிச்சமான பணம் ஒரே நாளில் காற்றில் போய்விடும்.

அபராதமாவது ஒருநாள் கஷ்டம். விபத்து என்று வந்துவிட்டால் அது ஆயுள் கஷ்டம். ஸ்கூட்டர் மோதி ஒரு முதியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 25 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டியது என்று சோதனையில் தெரிந்தால் அது இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். நஷ்டஈடு கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி கிடையாது. வண்டிக்காரர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஊரில் கட்டிய வீடும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் கேள்விக்குள்ளாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், விதிக்குப் புறம்பான வண்டியை விற்கும் வியாபாரிக்கு ஒரு வண்டிக்கு ரூ.1 லட்சம் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க அதே 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தெருமுனையில் நிறுத்திப் பிடிக்க எளிதானவர் ஓட்டிச் செல்பவர்தான். கடை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

கம்பெனி போனால் வண்டி அநாதை

இந்த வியாபாரம் நாட்டில் அலை அலையாக வந்து போயிருக்கிறது. 2010 நவம்பரில் மத்திய அரசு மின்சார வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. சீன பாகங்களைத் தருவித்துப் பொருத்தி விற்கும் கம்பெனிகள் முளைத்தன. 2012 மார்ச் 31உடன் மானியம் முடிந்தது. விற்பனை சரிந்தது. பல கம்பெனிகள் கதவை மூடின. வாங்கியவர்கள் பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் அலைந்தார்கள்.

அடுத்த அலை 2019 ஏப்ரலில் தொடங்கிய "ஃபேம்-2" மானியத் திட்டம். உள்நாட்டில் பாகங்கள் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. சீன பாகங்களைப் பொருத்திவிட்டு உள்நாட்டுத் தயாரிப்பு என்று கணக்குக் காட்டி மானியம் பெற்றதாகப் புகார் எழுந்தது. விசாரணைக்குப் பின் 2023இல் 7 கம்பெனிகளிடம் சுமார் ரூ.469 கோடியைத் திருப்பித் தரும்படி மத்திய அரசு கேட்டது. மானியத்தைக் குறைத்ததும், நிறுத்தி வைத்ததும், வழக்குகளும் சேர்ந்து சில கம்பெனிகளை முடக்கின. அவற்றின் சர்வீஸ் நிலையங்கள் பல ஊர்களில் இல்லாமல் போயின.

25 கிலோமீட்டர் வேக வண்டிக்கு ஃபேம்-2இல் மானியம் கிடைக்கவில்லை. பதிவும் இல்லாததால் அரசாங்கத்தின் வாகனக் கணக்கில் அது ஏறுவதே இல்லை. எத்தனை விற்றன, எத்தனை எரிந்தன, எத்தனை மூலையில் துருப்பிடிக்கின்றன என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

மாதக் கணக்கு

இனி வரவு செலவைப் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் ரூ.104 என்று வைத்துக்கொண்டால், மாதம் சுமார் ரூ.1,800 ஆகும்.

மலிவு மின்சார ஸ்கூட்டரில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய பேட்டரிகள் ஐந்து இருக்கும். ஒருமுறை முழுதாக ஏற்ற ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் பிடிக்கும். கடையில் 60, 70 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். மும்பை நெரிசலில் 40 என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அந்தக் கணக்கில் மாதம் 39 யூனிட். யூனிட் ரூ.10 என்றாலும் ரூ.390தான். கடைக்காரர் இந்த இடத்தோடு கணக்கை முடித்துவிடுவார்.

ஆனால் ஈய பேட்டரி நிரந்தரமல்ல. தினமும் அடிமட்டம் வரை இறக்கி ஏற்றினால் ஓராண்டு, பக்குவமாக வைத்திருந்தால் ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு. ஒரு செட் ரூ.13,000 என்றும், 15 மாதம் வந்தது என்றும் வைத்தால் மாதத்துக்கு ரூ.867 பேட்டரிக்கே போகிறது. மின்சாரத்தோடு சேர்த்து ரூ.1,257. பெட்ரோலோடு பார்த்தால் மிச்சம் சுமார் ரூ.540. அதே பேட்டரி 10 மாதத்தில் செத்துவிட்டால் செலவு ரூ.1,690 ஆகிவிடும். மிச்சம் நூறு ரூபாய் சொச்சம்!

லித்தியம் பேட்டரி விலை அதிகம். ஆனால் ரூ.25,000 கொடுத்து நான்கு ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு ரூ.520தான் விழுகிறது. எடையும் குறைவு. ஈய பேட்டரி ஐந்தும் சேர்ந்து நாற்பது கிலோ அளவு வரும். சால் வீட்டு மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது நடக்கிற காரியமா?

ஆக, இந்த வண்டியில் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது வாங்கிய விலையல்ல. பேட்டரி எத்தனை மாதம் உழைக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

பேட்டரிக்குப் பக்குவம்

ஈய பேட்டரியை வெறுமையாக நிறுத்தி வைக்கக் கூடாது. பாதி இறங்கியதும் ஏற்றிவிடுவது நல்லது. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரைமணி நேரம் ஆற விட வேண்டும். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ஈய பேட்டரியை முழுதாக ஏற்றி, சீட்டுக்கு அடியில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது பேட்டரி உயிரோடு இருக்காது. லித்தியமாக இருந்தால் பாதி சார்ஜில் விட்டுச் செல்வது போதும்.

ஐந்து பேட்டரிகளில் ஒன்று நலிந்தாலும் மற்ற நான்கையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஓடும் தூரம் திடீரென்று குறைந்தால் மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றையும் தனித்தனியே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டி சுமையோடு ஓடும்போது ஒன்று மட்டும் 10.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதுதான் குற்றவாளி. செட் பழையதாகிவிட்டிருந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது காசைக் கடலில் போடுவதுதான். பழைய ஈய பேட்டரிக்கு எடைக்கு விலை உண்டு. அதைக் கழித்துக்கொள்ளாமல் புதிய செட்டுக்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

சக்கரத்தில் காற்று குறைந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டையும் கேபிளும் சாதாரண ஸ்கூட்டர் போலத்தான். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மும்பைக்கு மழை ஒரு தனிப் பரீட்சை. காந்தி மார்க்கெட், கிங் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்கும் நாளில் இந்த வண்டியை இறக்கவே கூடாது. மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோலர் பல வண்டிகளில் கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கிறது. வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்து, மெக்கானிக் திறந்து உலர்த்திப் பார்க்கும்வரை சார்ஜ் போடாமல் இருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கண்ட்ரோலர், திராட்டில், சார்ஜர் போன்றவை பல பெயர் வண்டிகளுக்கும் ஒரே மாதிரிதான் வருகின்றன. கம்பெனி மறைந்தாலும் விஷயம் தெரிந்த மெக்கானிக் வண்டியை ஓட வைத்துவிடுவார். ஆனால் முகப்பு, விளக்கு, சாவி செட் போன்றவை அந்தந்த மாடலுக்கே உரியவை. அவை உடைந்தால் கிடைப்பது கஷ்டம்.

உயிர் விஷயம்

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூர் அருகே இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த லாட்ஜில் தீப்பிடித்து 8 பேர் மாண்டார்கள். சீனாவின் நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்சார வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் பற்றிய தீ 15 பேரின் உயிரைக் குடித்தது.

பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. ஆனால் அந்த விதிகள் பதிவு செய்து ஓடும் வண்டிகளைக் குறிவைத்தவை. சந்தையில் ஒட்டிக் கட்டி விற்கும் பேட்டரிப் பெட்டிக்கு யார் பொறுப்பு?

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். வெளியே போகும் ஒரே வாசலில் வண்டியை நிறுத்தி, மாடியிலிருந்து ஒயர் இழுத்து இரவு முழுதும் சார்ஜ் போடுவது கண்கூடு. தீப்பற்றினால் தப்பிக்கும் வழியில்தான் தீ இருக்கும். சீனாவில் 2021 ஆகஸ்ட் முதல் உயர்ந்த கட்டடங்களின் மாடிப்படியிலும் பொது வழியிலும் சார்ஜ் போடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. இங்கே தடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விழித்திருக்கும் நேரத்தில், வாசலை மறைக்காத இடத்தில், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டுமே ஏற்ற வேண்டும். ஈய பேட்டரி சார்ஜரை லித்தியத்துக்குப் போடுவது தற்கொலைக்குச் சமம்.

வாங்கும் முன்

மாடல் பெயர் போட்ட சோதனைச் சான்றின் நகலைக் கேட்க வேண்டும். பில்லில் மாடல், சேஸிஸ் எண், மோட்டார் எண், பேட்டரி எண்கள், வாரண்டி மாதம் எல்லாம் எழுதி வாங்க வேண்டும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் வாரண்டி வேறு வேறு. பேட்டரி வாரண்டியைத் தனியாகப் படிக்க வேண்டும். அந்தப் பேட்டைச் சாலையில் அதே மாடலை ஓராண்டுக்கு மேல் ஓட்டியவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது விளம்பரத்தைவிட மேல். வண்டி 25க்கு மேல் ஓடிக் காட்டினால் மகிழ்ச்சியடையாமல் சந்தேகப்பட வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கு ஹெல்மெட் வேண்டும். தரைக்கு 25 கிலோமீட்டர் வேகமும் ஒன்றுதான், 45ம் ஒன்றுதான்.

தினமும் நீண்ட தூரம் ஓடவேண்டியவர்களுக்கும், பின்னால் ஆள் ஏற்றுகிறவர்களுக்கும் இந்த வகை வண்டி ஏற்றதல்ல. அவர்கள் சற்றுக் கூடுதல் கொடுத்துப் பதிவு செய்த வண்டியை வாங்குவதே நீண்ட நாள் லாபம்.

ஏமாற்றப்பட்டவர்கள் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு இது பெரிய சலுகை. கையில் பில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

அரசு செய்ய வேண்டியது

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, காந்தம் கிடைக்காமல் பெரிய கம்பெனிகளே உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. அதன் பிறகு உள்நாட்டில் காந்தம் செய்ய ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு அதே ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நல்ல காரியம். பெரிய கம்பெனிகளின் காந்தத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை, சிறு வண்டி வாங்கும் தொழிலாளியிடமும் காட்டலாம்.

அதற்குக் கோடிகள் தேவையில்லை. இந்த வகை வண்டிக்கும் கட்டணமில்லாத ஓர் அடையாள எண் கொடுத்துக் கணக்கில் ஏற்றலாம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியலைக் கடையில் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லலாம். ஆர்.டி.ஓ. அதிகாரிகள் தெருமுனைக்கு வருவதற்கு முன் ஷோரூமுக்குப் போகலாம். ஒயரைப் பிரித்த கடைக்காரருக்குச் சட்டத்தில் உள்ள ஒரு லட்ச ரூபாய் அபராதத்தை நாலு இடத்தில் விதித்தால், நானூறு வண்டிகளை மடக்கத் தேவையிருக்காது.

மலிவு வண்டி வேண்டாம் என்று தொழிலாளியிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் அவருக்கு வேறு வழியும் இல்லை. சீனத் தொழிற்சாலை தருகிற மலிவை அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். சோதனையை விழுங்கி, சட்டத்தை விழுங்கி, சர்வீஸை விழுங்கிக் கடைக்காரர் தருகிற மலிவை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வரட்டும். அந்தச் சுமைகூலியைக் கடைசியில் சுமக்கப்போவது அவர் குடும்பம்தான்.